பூசாத பட்டாளம்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. தீவாளிக்கு ஊருக்கு வாரவன் பலகாரம் கொண்டாருவான், பட்டாசு கொண்டாருவான். நீ என்னடான்னா ஒரு பெட்டி நெறயா கட்டைவிரல் மேல்கணு ஒசரத்துக்குச் சிப்பாய்களக் கொண்டாந்துருக்க. ஒங்கம்மா அதைப் பாத்துட்டு, "அப்படியே தாத்தன் புத்தி"ன்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிருச்சு. இதுல என்னைய எதுக்கு இழுக்குதுன்னுதான் வெளங்கல. நான் சோத்துக்காகப் பூசுறவன். நீ சோத்தை மறந்துட்டுப் பூசுறவன். ரெண்டும் ஒரே புத்தியா?

இருந்தாலும் ஒண்ணு சொல்லணும். ஆறு வயசுல, நான் டீ குடிக்கப் போன நேரம் பாத்து மகாலச்சுமிக்கு மீசை வரஞ்சு வச்சவன் நீ. முப்பத்தஞ்சு வயசாச்சு, மெட்ராசுல கம்ப்யூட்டர் வேலை, மாசமானா சம்பளம். இன்னும் அந்தக் கை அடங்கலையேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம்தான். ஒங்கம்மாகிட்டச் சொல்லிறாத.

நீ பல்லு வெளக்கப் போயிருந்தப்ப எண்ணிப் பாத்தேன், கோவிச்சுக்காத. மொத்தம் 64 உருப்படி. பூசுனது 7. மிச்சம் 57 பேரும் சாம்பல் கலர்ல, சுடுகாட்டுல இருந்து எந்திரிச்சு வந்தவன் மாதிரி நிக்குறான். "அதுக்கு எங்க ஆளுங்க அவமானக் குவியல்னு பேரே வச்சிருக்கோம் தாத்தா"ன்னு சிரிக்குற. குவியலுக்குப் பேரு வச்சிப்புட்டா குவியல் கொறஞ்சிருமாக்கும்?

அதுல ஒரு இருவது பேருக்கு 'பிரைமர் அடிச்சாச்சு'ங்குற. டேய், விளாச்சேரி மண்ணுல நின்னுக்கிட்டு பிரைமர்ங்குற. சூரியநாராயண சாஸ்திரிங்கிற தன் பேரையே பரிதிமாற் கலைஞர்னு தமிழ்ப்படுத்திக்கிட்ட மனுசன் 1870ல பொறந்த ஊருடா இது. அவரு காதுல விழுந்தா என்ன நெனப்பாரு? நாங்க அதை வெள்ளையடிக்கிறதும்போம். சூளையில இருந்து எறங்குன பொம்மை செங்கலாட்டம் இருக்கும். நேரா வண்ணம் வச்சா உறிஞ்சிரும், மஞ்ச வச்சா அழுக்காத் தெரியும். அதுக்குத்தான் முதல்ல வெள்ளை. ஒன் பிளாஸ்டிக்கு உறிஞ்சாது, வழுக்கும். பிடிமானத்துக்கு ஒனக்கும் வேணும். காரணம் வேற, காரியம் ஒண்ணு. ஆனா வெள்ளையடிச்ச வீட்டுல குடி போகணும்டா. அடிச்சுட்டு மூணு வருசம் பூட்டி வச்சா வௌவாலுதான் குடியிருக்கும்.

எனக்கு அமாவாசை இருக்கு, ஒனக்கு இல்ல. அம்புட்டுத்தான் வித்தியாசம். புரட்டாசி அமாவாசைக்கு மறுநா கொலு. அன்னைக்குள்ள சரக்கு கடைக்குப் போகணும். அது தாண்டுனா தசாவதாரச் செட்டுக்கூட வெறும் மண்ணுதான், சும்மா குடுத்தாலும் வச்சுக்க எடமில்லம்பாக. அதனால நம்ம வீட்டுல ஒருத்தி மேனி பூசுனா ஒருத்தி சேலை பூசுவா, இன்னொருத்தி நகை. நீ ஒத்தை ஆளு, அமாவாசையும் கெடையாது. அதனால நீயா ஒரு அமாவாசை வச்சுக்க. அஞ்சு பேரை மட்டும் வெளிய எடு, மத்தவனைப் பரண்ல ஏத்து. அந்த அஞ்சு முடியுறதுக்குள்ள புதுப் பெட்டி வாங்குனா அந்தக் காசை எனக்கு மணியார்டர் பண்ணிரணும். ஒன் குவியல் கொறையுமோ கொறையாதோ, என் கஷ்டம் கொறையும்.

ஒங்கம்மா வாயை அடைக்க ஒரு கதை இருக்கு. போன தடவை நீ சொன்னதுதான். சர்ச்சில் துரைக்குச் சின்ன வயசுல 1500 பொம்மைச் சிப்பாய் கிட்டத்தட்ட இருந்துச்சாம். ஒருநா அவுக அப்பா வந்து இருவது நிமிசம் அந்தப் பட்டாளத்தைப் பாத்துட்டு, ராணுவத்துல சேருறியாப்பான்னு கேட்டாராம். பய பூரிச்சுப்போயி, சரின்னுட்டாரு. நம்ம தெறமையை அப்பா கண்டுபிடிச்சுட்டாருன்னு பல வருசம் நெனச்சுக்கிட்டே இருந்துருக்காரு. பொறவுதான் தெரிஞ்சுதாம், வக்கீலுக்குப் படிக்க இவனுக்கு மூளை பத்தாதுன்னுதான் அப்பா அப்படிக் கேட்டாருன்னு. அவரே எழுதி வச்சிருக்காரு. அதனால ஒங்கம்மாகிட்டப் பாதிக் கதையோட நிறுத்திக்க.

கேலி ஒருபக்கம் கெடக்கட்டும். ஒங்க ஆளுக கதையில எனக்குப் புடிச்சது ஒண்ணு இருக்கு. 1893ல லண்டன்ல பிரிட்டன்னு ஒரு குடும்பத்துக்காரக ஈயச் சிப்பாய் வார்த்த விதம் சொன்னியே, அதுதான். காய்ச்சுன ஈயத்தை அச்சுல ஊத்துறது, ஓரம் இறுகுனதும் நடுவுல இருக்குற கொழம்பைக் கவுத்துக் கொட்டிர்றது. உள்ள வெறுங்கூடு. ஈயமும் மிச்சம், விலையும் கொறச்சல். அதுவரைக்கும் கெட்டியா வார்த்து வித்த ஜெர்மன்காரனுக்கு அது பெரிய இடி. நம்ம பொம்மையும் கூடுதான். ரெண்டு பாதி அச்சுல மண்ணை அப்பி ஒட்டுறோம். ஆனா நாம காசை மிச்சம் புடிக்க அப்படிச் செய்யல. கெட்டி மண்ணுக்குள்ள ஈரம் தங்கிருச்சுன்னா சூளையில வெடிச்சிரும். அவனுக்குச் செலவைக் கண்டு பயம், நமக்கு நெருப்பைக் கண்டு பயம். ஒன் பொம்மை சூளைக்கும் போகாது, விலைக்கும் போகாது. பொறவு ஏண்டா நீ பயப்படுற? பயப்படுறதான? இரு, அதுக்கு வாரேன்.

நேத்து ராத்திரி ஒன் ஏழு பேர்ல ஒருத்தனை லைட்டு வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். செவப்புச் சட்டை, செவப்பாவே பூசியிருக்க. செவப்புச் சட்டைக்குச் செவப்புப் பூசுறதுதான நாயம்ப. அங்கதான் ஏமாந்து போற. ஒன்னைய வெயில்ல நிறுத்துனா மூக்குக்குக் கீழ நெழல் விழுகும், சட்டை மடிப்புல இருட்டுக் கட்டும். ஆளைக் கட்டைவிரல் கணுவுக்குச் சுருக்கிப்புட்ட. சூரியனை எவன் சுருக்குவான்? அம்புட்டுக்காணி மூக்கு போடுற நெழல் எவன் கண்ணுக்குத் தெரியும்? அதனால வெயிலையும் நாமதான் பூசணும். செவப்போட துளி பழுப்பைச் சேத்து, தண்ணியாக்கி மடிப்புல ஓடவிடு. அது தானாப் போயி குழியில படுத்துக்கும். மேட்டுக்குச் செவப்போட துளி ஆரஞ்சு. வெள்ளையைச் சேத்தியோ, சட்டை ரோசாப்பூக் கலராயிரும், சிப்பாய் கல்யாண மாப்பிள்ளையாயிருவான்.

வெயில் எந்தப் பக்கம்னு முதல்லயே முடிவு பண்ணிக்க. அடியில கறுப்பும் உச்சியில வெள்ளையுமா, பயிருக்கு மருந்தடிக்கிற மாதிரி பீய்ச்சி வச்சிட்டு ஆரம்பிக்குறாகன்னு காட்டுனியே, அது நல்ல யோசனை. எங்க வெளிச்சம், எங்க இருட்டுன்னு பொம்மையே சொல்லிரும். ஒன் ஆளுக்கு மூஞ்சியில காலை நேரம், முதுகுல சாயங்காலம். பாவம், அவன் எந்நேரத்துக்குச் சண்டை போடுவான்?

இதெல்லாம் நீ கொலுப் பொம்மைக்குச் செய்யுறியா தாத்தான்னு கேப்ப. மாட்டேன். கொலு பாக்க வாரவுக ஒரு கண்ணைச் சுண்டல் மேல வச்சுக்கிட்டுப் பத்தடி தள்ளி நின்னு பாக்குறவுக. அவுகளுக்குப் பச்சைன்னா பளீர்னு பச்சை, மஞ்சன்னா மாரியம்மன் மஞ்ச. நீ மூக்குக்கிட்ட வச்சுப் பாக்குற பொம்மை பூசுறவன். மூக்குக்கிட்ட வச்சா எல்லாத்துலயும் ஓட்டை தெரியும்டா, மனுசங்க உட்பட.

சாயத்தைத் தண்ணியாக்கி ரெண்டு தடவை மெல்லிசாப் பூசு. ஒரே பூச்சுல முடிக்கிறேன்னு அப்புனா மூஞ்சி மழுங்கி, அம்மை வாத்து எந்திரிச்சவன் மாதிரி ஆயிருவான். டப்பாவுக்குள்ள ஈரப்பஞ்சு வச்சு, மேல வெண்ணெத்தாள் விரிச்சு, சாயம் காயாம வச்சுக்குற பாரு, அது ஒண்ணுல நீ கெட்டிக்காரன். நான் இம்புட்டு நாளும் கொட்டாங்குச்சியில ஈரத்துணியப் போட்டு அதே வேலையத்தான் பாத்தேன். என்னோடதுக்கு மூடி கெடையாது, விலையும் கெடையாது.

விலைன்னதும் அந்த பிரஷு ஞாவகம் வந்துருச்சு. நீ அதோட விலையைச் சொன்னதுல இருந்து எனக்குப் பித்தம் ஏறி எறங்குது. சைபீரியாவுல கீரி மாதிரி ஒரு சீவனாம், கொலின்ஸ்கியாம், அது வால் மயிராம். 1866ல விக்டோரியா மகாராணி தன் கைக்கு ஏத்த ஏழாம் நம்பர்ல பிரஷு கேட்டு, வின்சர் நியூட்டன் கம்பெனிக்காரன் பண்ணிக் குடுத்தானாம், அந்த வமுசமாம் இது. மகாராணிக்கே ஏழாம் நம்பரு போதுமா இருந்துருக்கு. ஒனக்கு மட்டும் ஒண்ணு, சைபர், ரெட்டை சைபர்னு பாதாளத்துக்குப் போயிக்கிட்டே இருக்கு. நம்பர் கொறஞ்சா கை நடுக்கம் கொறையும்னு எவன் சொன்னான்? சின்ன பிரஷு தண்ணி புடிக்காது, பொம்மைகிட்டப் போறதுக்குள்ள நுனி காஞ்சிரும். வயிறு பெருத்து நுனி கூர்ந்தது ஒண்ணு இருந்தாப் போதும். ஒங்க சித்தப்பனைப் பாரு. வயிறு இருக்கு, நுனிதான் இல்ல. அவனை வச்சு ஒரு கோடு இழுக்க முடியுதா?

எங்கப்பா அணில் வால் மயிரைச் சேத்து, இறகுத் தண்டுல சொருகி நூல் சுத்துவாரு. பாவம் இல்லையாய்யான்னு நான் கேட்டதுக்கு, "ராமரு அணிலுக்குக் கோடு போட்டாரு, அணிலு ராமருக்குக் கோடு போடுது, கணக்கு நேராச்சு"ன்னாரு. அந்தக் கணக்கை அணிலு ஒத்துக்கிச்சான்னு தெரியல. பிரஷு கழுத்துத் தகரம் வரைக்கும் சாயத்துல முக்காதன்னு மட்டும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரு. அங்க காஞ்சு இறுகுனா மயிர் விரிஞ்சு வெளக்குமாறாயிரும். நீ முக்குற. சைபீரியாக் கீரி செத்தும் கெட்டுச்சு.

இன்னொண்ணு, இது வெளையாட்டுப் பேச்சு இல்ல. நுனியைக் கூராக்க நீ நாக்குல வைக்குற. அமெரிக்காவுல நியூஜெர்சியில 1917 வாக்குல, இருட்டுல மினுங்குற ரேடியம் சாயத்தைக் கடியார முகப்புக்குப் பூசுன பொண்ணுகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக. உதட்டுல வை, சாயத்துல தொடு, பூசு. சாயம் சாதுன்னும் சொல்லியிருக்காக. தாடை எலும்பு அரிச்சு எத்தனையோ பிள்ளைக செத்துப் போச்சு. ஒன் சாயத்துல ரேடியம் கெடையாதுதான். என்ன இருக்குன்னு அதைக் காய்ச்சுனவனுக்குத்தான் வெளிச்சம். உள்ளங்கையில வச்சு உருட்டு, கூரு தன்னால வரும். நீ மட்டும் நாக்குல வைக்குறியேன்னு என்னையக் கேக்காத. ஒங்க அப்பத்தா ரசத்தையே நாப்பது வருசம் தாங்குன நாக்கு இது.

இப்ப அந்தப் பயத்துக்கு வாரேன். பூசி முடிச்சது ஏழுன்னு சொன்னேன்ல, கிட்டத்துல வச்சுப் பாத்தேன். அஞ்சு பேரு இரும்புத் தொப்பியால மூஞ்சிய மூடுன ஆளு. தேடித் தேடி அவனைத்தான் பூசியிருக்க. மூஞ்சி உள்ளவன் ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் பொத்தான், வாரு, பூட்சு நுனி வரைக்கும் வச்சுப்புட்டு, கண்ணை மட்டும் வைக்காம விட்டுருக்க. ஆக, ஏழும் இல்ல, அஞ்சுதான். மத்த 57 பேரு ஏன் பூசாமக் கெடக்கான்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ஆரம்பிச்சா கண்ணுல வந்து முடியணுமே!

பயம் இருக்கத்தான் செய்யும். நானும் அய்யனார் குதிரைக்குக் கண்ணு தெறந்தவன். அதுவரைக்கும் அது மண்ணுதான், மேல துண்டு காயப் போட்டாக்கூட ஒண்ணும் சொல்லாது. கண்ணு தெறக்குறப்ப எதுக்க ஒருத்தரும் நிக்கக் கூடாதும்பாக. எனக்கு முதல் தடவை கை ஆடுன ஆட்டத்துல குதிரைக்கு ஒரு கண்ணு பெருசாப் போச்சு. ஊரே கும்புட்டுச்சு, ஒருத்தனும் கேக்கல. சாமி மொறைக்குதுன்னு நெனச்சுக்கிட்டாக.

வழி சொல்றேன், கேட்டுக்க. முதல்ல கண்ணுக்குழி பூரா அடர்பழுப்பு. அதுமேல குறுக்க ஒரு வெள்ளைக் கீத்து, பச்சை வெள்ளை வேணாம், துளி மேனிக்கலர் சேத்தது. சுத்தி அந்தப் பழுப்பு நூலாட்டம் மிஞ்சணும், அதுதான் இமை. கைக்கு எட்டாத பக்கத்துக் கண்ணை முதல்ல வையி, சுளுவான பக்கத்தை அதுக்குச் சோடி சேத்துரலாம். ரெண்டு மணிக்கட்டையும் ஒண்ணோட ஒண்ணு முட்டுக் குடுத்துக்க. நடுங்குனா பொம்மையும் பிரஷும் சேந்து நடுங்கும், கோடு கோணாது. கருமணியை நட்டநடுவுல வைக்காத, பேயறஞ்சவன் மாதிரி முழிப்பான். கொஞ்சம் ஓரமா ஒதுக்கி வையி, எதையோ யோசிக்குறவன் மாதிரி இருப்பான். தப்பிப் போச்சா, பழுப்பை வச்சு மூடிட்டு மறுபடி தெற. தப்புப் பண்ணுனாத் திருத்திக்கிற வசதி நம்ம தொழில்லதான் இருக்கு. கல்லு கொத்துறவனைக் கேளு, அழுவான்.

அறுவது வருசமாப் பூசுறேன். எனக்குன்னு ஒரு பொம்மை வச்சுக்கிட்டதில்ல. அந்தா மாடத்துல ஒக்காந்துருக்காரு பாரு மூக்கு ஒடஞ்ச செட்டியாரு, அவரும் விக்காததால தங்குனவரு. நீ கடனும் இல்லாம, கெடுவும் இல்லாம, விக்குற கவலையும் இல்லாம, ஒனக்கே ஒனக்குன்னு பூசுற. அந்த வரத்தை வாங்கிக்கிட்டு 57 பேரைக் குருடனா நிறுத்தி வச்சிருக்கியேன்னுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

சரி, நாளைக்குக் கெளம்புறப்ப அந்தக் கொலின்ஸ்கி பிரஷை மாடத்துல மறந்து வச்சுட்டுப் போ. மார்கழிக்குக் குடில் செட்டு ஆர்டர் வந்து கெடக்கு, மேய்ப்பனுக்குத் தாடி இழுக்கணும். வெலை கூடுன பிரஷுங்கிறதுக்காகக் கேக்கல, சித்தப்பன் மாதிரி இல்லாம நுனி நல்லா இருக்குன்னுதான்.

என்னடா, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் ஒன்னைய ஓரக்கண்ணால பாக்குறானா? பாக்கட்டும். பிரஷு ஈரமா இருக்குங்குறியா? ஐப்பசி மாசம்டா. ஊரே நமுத்துக் கெடக்கு.