சைமன் சொன்னால் மட்டும்

சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை விளையாட்டாகச் சொல்லித்தர வேண்டுமாம். கட்டளையைக் கேட்டு உடம்பை அசைத்தால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று 1960களிலேயே ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னார். பாவம், நம் பள்ளிக்கூடங்களை அவர் பார்த்ததில்லை போலும். ‘ஸ்டாண்ட் அப் ஆன் த பெஞ்ச்’, ‘நீல் டவுன்’, ‘கெட் அவுட்’ மூன்றையும் அர்த்தம் கேட்காமலே செய்துகாட்டியவர்கள் நாம்.

இப்போது ‘சைமன் சேய்ஸ்’ என்ற விளையாட்டு வந்திருக்கிறது. சைமன் பெயரைச் சொன்னால்தான் பணிய வேண்டும். வெறுமனே ‘சிட் டவுன்’ என்றால் உட்காரக் கூடாது. மிஸ் சொல்லியும் நிற்பதா? இரண்டாம் வகுப்பு மொத்தமும் பொத்தென்று உட்கார்ந்து முதல் சுற்றிலேயே அவுட். ஒருவன் மட்டும் நிற்கிறான். ஜன்னல் வழியே ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கைதட்டல் அவனுக்கே.

மற்ற நாட்களில் ஆங்கிலம் புரியாதவன்தான் முதலில் அவுட்டாவான். ஆகவே யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவனுக்கு முழு ஓய்வு. சுவரோரம் உட்கார்ந்து தமிழில் கதை பேசலாம். நல்ல ஏற்பாடு!

தப்பித்தவறி பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே கத்த ஆரம்பித்தால் பிரின்சிபால் எட்டிப் பார்ப்பார்: “என்ன மிஸ், கிளாஸ் எடுக்கலையா?”

ஆனாலும் போட்டோ முக்கியம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டுமே. கையில் கொடுத்த ஆங்கில அட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் பரவாயில்லை, எல்லோரும் சிரிக்க வேண்டும். அழுகிறவனை மட்டும் பின்வரிசைக்கு மாற்றிவிடுவார்கள்.