நட்சத்திரக் கோளாறு

எங்கள் வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். அதில் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், சும்மா கிடைக்கிறதே என்று ஒரு பஞ்சாங்கத்தை இறக்கினேன். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாலைந்து உருப்படிகள் கூடவே வந்து குடியேறிவிட்டன. அன்று ராத்திரியே பையன் என்னை 'ஸ்டாண்டர்டு யூஸர்' ஆக்கினான். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை அவன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனான். அதிலிருந்து எதைப் போட நினைத்தாலும் திரை இருண்டு, பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். நான் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். பாஸ்வேர்டு அடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எதுக்கு?"

2007இல் விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸ் அந்தப் பெட்டியைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதற்கு இந்தக் கேள்வி கேட்கத் தெரியாது. 'அனுமதிக்கலாமா, வேண்டாமா' என்பதோடு சரி.

வீட்டில் இந்த லட்சணத்தில் இருக்கும் நான், தில்லைநகர் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் 36 கம்ப்யூட்டர்களுக்கு அதிபதி. படித்து வாங்கிய பதவியல்ல. ஒருநாள் பிரின்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவி எடுத்தேன். அதை ஆடிட்டர் பார்த்துவிட்டார். சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்த பையன் சிங்கப்பூருக்குக் கிளம்பியதும் டொமைன் அட்மின் பாஸ்வேர்டு, அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கின் சாவிக்கொத்து, என் கைக்கு வந்தது. ஆடிட்டரின் பேரன் பெயர், ஓர் 'அட்' குறி, அப்புறம் 123.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்குப் புது டிரைவர் வந்திருந்தது. எல்லா மேஜையிலும் போட வேண்டும். முன்பெல்லாம் நடந்தே போடுவேன். ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து பாஸ்வேர்டு அடிக்கும்போது, ஏ.டி.எம். வாசலில் நிற்பவர்கள் மாதிரி மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 36 மேஜை முடிவதற்குள் 36 டம்ளர் காபி கேட்கும் இடுப்பு. அப்போதுதான் பி.எஸ்.எக்ஸெக் என்ற மகானைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

மார்க் ருசினோவிச் என்பவர் எழுதியது. 1996இல் அவரும் பிரைஸ் காக்ஸ்வெல் என்பவரும் சேர்ந்து சிஸ்இன்டர்னல்ஸ் என்று தொடங்கிய கருவிப்பட்டறையில் அது ஒரு சின்னச் சாமான். 2006இல் மைக்ரோசாஃப்ட் பட்டறையையே வாங்கிக்கொண்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு வரி அடித்தால் அடுத்த அறைக் கம்ப்யூட்டரில் வேலை நடக்கும். ஒவ்வொரு விண்டோஸிலும் 'அட்மின் டாலர்' என்று ஒரு கொல்லைப்புறக் கதவு இருக்கிறது. பெயரின் வாலில் டாலர் இருப்பதால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. நேரே விண்டோஸ் ஃபோல்டருக்குள் கொண்டுபோய் விடும். இந்த ஆசாமி கல்யாணச் சமையல்காரர் மாதிரி. கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டு கொல்லைவழியே வருவார், எடுபிடி ஒருவனை அங்கே வேலைக்கு வைப்பார், சமைப்பார், முடிந்ததும் எடுபிடியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து எக்ஸெல் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

டொமைனில் சேராத கம்ப்யூட்டர்கள் நாலு இருந்தன. அவை மட்டும் 'அனுமதி இல்லை' என்றன. விசாரித்தால், அந்தந்த மெஷினின் சொந்த அட்மின் கணக்கை வைத்துக்கொண்டு நெட்வொர்க் வழியே நுழைந்தால், செருப்பைப் போல அதிகாரத்தையும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். போகட்டும், நாலுதானே, நடந்துகொள்ளலாம்.

18ஆம் தேதி சாயங்காலம். 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் என்று ஆபீஸே மூச்சு விடாமல் இருந்தது. கம்ப்யூட்டர் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, ஃபைலையும் கூடவே நகலெடுத்துப் போகச் சொல்லும் மைனஸ் சி போட்டு, டிரைவரை அனுப்பினேன். முதல் கம்ப்யூட்டரின் பெயர் வந்தது. அப்படியே நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எழுந்துபோய் அந்த மேஜையைப் பார்த்தேன். திரையில் ஒன்றுமில்லை. அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஆர்ட்டிகிள்ஸ் பையன் "என்ன சார்?" என்றான். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். அது எவ்வளவு பெரிய உண்மை என்று எனக்கே அப்போது தெரியாது.

நடந்தது இதுதான். முன்காலத்தில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களும் மேஜையில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தி, சில போக்கிரிப் புரோகிராம்கள் சர்வீஸின் ஜன்னலுக்குச் சீட்டு அனுப்பி அதன் அதிகாரத்தைத் தட்டிப் பறித்தன. அதனால் விஸ்டாவில் சர்வீஸ்களை செஷன் ஜீரோ என்று தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே எந்த ஜன்னல் திறந்தாலும் யார் கண்ணுக்கும் படாது, எந்த மவுஸும் எட்டாது. என் டிரைவர் அந்த அறைக்குள் போய், 'வணக்கம், தொடர நெக்ஸ்ட் அழுத்தவும்' என்று பணிவோடு காத்துக்கொண்டிருந்தது. நெக்ஸ்ட் அழுத்தப் பூமியில் ஆள் இல்லை. முதல் கம்ப்யூட்டரில் வேலை முடிந்தால்தான் எக்ஸெக் இரண்டாவதுக்குப் போகும். மீதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

இவ்வளவும் இன்று தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம் மைனஸ் டி போட்டால் 'முடியும்வரை காத்திருக்காதே' என்று அர்த்தம் என்பதுதான். போட்டேன். சரசரவென்று வரிசை ஓடியது. அப்பா! யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. போய்ப் பார்த்தால் ஒரு மேஜையிலும் டிரைவர் இல்லை. பிடிக்கவில்லையோ என்று இன்னொரு முறை அனுப்பினேன். அதற்கப்புறம் இன்னொரு முறை. ஒவ்வொரு இருட்டறையிலும் இப்போது மூன்று பேர் நெக்ஸ்டுக்காகக் கைகட்டி நின்றார்கள். மெஷின்கள் முனக ஆரம்பித்தன. "சார், ஸ்லோவா இருக்கு" என்று நாலு திசையிலும் குரல்.

ஸ்லோவுக்கு மருந்து ரீஸ்டார்ட் என்பது பால்காரருக்கும் தெரியும். பட்டியல் ஃபைலைத் தேடச் சோம்பல். எக்ஸெக் வரியில் கம்ப்யூட்டர் பெயர் வர வேண்டிய இடத்தில் இரண்டு சாய்கோடும் ஒரு நட்சத்திரமும் போட்டால் டொமைனில் உள்ள அத்தனை மெஷினும் அடக்கம் என்று படித்திருந்தேன். போட்டேன். பின்னாலேயே ரீஸ்டார்ட் கட்டளை, உடனே நடக்க நேரம் பூஜ்யம். யாராவது முரண்டு பிடித்தால்? அதற்காக, பலவந்தமாக மூடச் சொல்லும் எஃப். என்டர்.

டொமைனில் உள்ள அத்தனையும் என்றால் டாலி டேட்டா இருக்கும் சர்வரும் அதில் உண்டு. நான் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரும் உண்டு. வரிசை பாதி போவதற்குள் என் திரையே அணைந்துவிட்டது. யார் யார் போனார்கள், யார் பிழைத்தார்கள் என்று பார்க்கக்கூட வழியில்லை.

"கரன்ட் போயிடுச்சு!" என்று ஒருத்தன் கத்தினான்.

"ஃபேன் சுத்துதேடா" என்றான் இன்னொருத்தன்.

ஜி.எஸ்.டி. பார்க்கும் மேடம் மூன்று மணிநேரமாக 2பியோடு பர்ச்சேஸ் கணக்கை ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தார். சேவ் செய்யவில்லை. அவர் கத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதற்குக் கத்தியிருக்கலாம். ஆடிட்டர் அறைக் கதவு திறந்தது. அங்கே நடந்ததை இந்தக் கட்டுரையில் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். கொஞ்சம் கௌரவத்தோடு சொல்ல வேண்டுமே! 2017 ஜூன் 27ஆம் தேதி நாட்பெட்யா என்ற வைரஸ் இதே பி.எஸ்.எக்ஸெக்கைத் தூக்கிக்கொண்டுதான், திருடிய பாஸ்வேர்டுகளோடு கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகத் தாவியது என்றேன். டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று, மும்பைப் பக்கம் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையமே முடங்கியது என்றேன்.

ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "பாவம். அவங்களுக்கு வைரஸ் வந்துச்சு. உங்களுக்கு என்னங்க வந்துச்சு?"

"நட்சத்திரம் போட்டுட்டேன்."

"எதுக்கு?"

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்தேன். பட்டியல் ஃபைல் டெஸ்க்டாப்பில்தான் இருந்தது.

மறுநாள் தெரிந்துகொண்டேன்: கேள்வி கேட்காமல் வேலையை முடி என்று சொல்ல, அந்த டிரைவருக்கு எஸ் என்று ஓரெழுத்து இருக்கிறதாம். அதைச் சேர்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் அத்தனை மேஜையும் முடிந்திருக்கும். ஆனால் ஆடிட்டர் உத்தரவு வேறு. நடந்தே போடவேண்டும்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. மேடத்தின் மேஜைக்குப் போனேன். அவர் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். வழக்கம்போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பாஸ்வேர்டு அடித்தேன். தப்பு என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் தப்பு.

"கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கு சார்" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. "பேரன் பேர்ல முதல் எழுத்து மட்டும்தான் பெருசு."