இறங்கியதற்கு என்ன சாட்சி?

என் ட்ரோன் பூப்போலத்தான் இறங்கியது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் களத்தில், காய்ந்துகொண்டிருந்த நெல்லுக்கு நாலடி தள்ளி, நினைத்த இடத்தில். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அது விடவில்லை. நான்கு மோட்டாரும் கொய்யென்று சுற்றிக்கொண்டே இருந்தன.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பெரியப்பா தலையைத் தூக்கினார். "அதான் வந்து சேந்துட்டுதுல்ல, ஆஃப் பண்ணேன்டா."

"அதைத்தான் பெரியப்பா பண்ணிக்கிட்டிருக்கேன்."

என் ரிமோட்டில் 'நிறுத்து' என்று ஒரு பொத்தான் கிடையாது. இடது ஸ்டிக்கை அடிவரை இழுத்து, அப்படியே இடது மூலையில் 2 விநாடி பிடிக்க வேண்டும். கிளப்புவதற்கு வலது மூலை, 5 விநாடி. நான் இடது மூலையில் 2 விநாடி பிடித்தேன். 20 விநாடி பிடித்தேன். கட்டைவிரல் வெளுக்கும்வரை பிடித்தேன். ட்ரோன் தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளி நெல் பக்கம் நகர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நெல்லிடம்தான் கேட்க வேண்டும். கோழிகள் வைக்கோல்போருக்குப் பின்னால் போய்விட்டன. என் தலைமுடிக்குள், சட்டைப் பைக்குள், வாய்க்குள் எல்லாம் நெல். பெரியப்பா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரசித்தார். "தூத்துறதுக்கு ஆவும் போலருக்கே. பதர் தனியாப் போவுது பாரு."

ரசித்ததோடு விட்டிருக்கலாம். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரே அடியில் கவிழ்த்துவிடுவதாகத் திட்டம். 10 அங்குல விசிறி அது. வெண்டைக்காய்க்கும் விரலுக்கும் வித்தியாசம் பார்க்காது. "கிட்டப் போகாதீங்க!" என்று கத்தினேன். 48 வருடத்தில் பெரியப்பாவைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியில் அவர் நின்றார். பாவம், மோட்டாருக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

டீக்கடைக்குப் போயிருந்த அக்கா மகன் சத்தம் கேட்டு ஓடிவந்தான். எஞ்சினியரிங் மூன்றாம் வருடம். ரிமோட்டைப் பிடுங்கினான், மேலே ஒரு சுவிட்சைத் தட்டினான், ஸ்டிக்கை நான் இழுத்த அதே மூலைக்கு இழுத்தான். சத்தம் நின்றது. வெட்கமே இல்லாமல், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி நின்றது.

"மாமா, லாய்ட்டர்ல வெச்சுக்கிட்டு இழுத்தா கேக்காது. அது இன்னும் ஆகாசத்துலேயே இருக்கிறதா நெனச்சுக்கிட்டிருக்கு."

ட்ரோனுக்குள் இருப்பது ஆர்டுபைலட் என்கிற மென்பொருள். லாய்ட்டர் முறையில் உயரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் யாரோ கைதவறி மூலைக்கு இழுத்தால் நடுவானில் மோட்டார் நின்று, மொத்தமும் யார் தலையிலாவது விழும். ஆகவே, தரையிறங்கிவிட்டோம் என்று தானே நம்பும்வரை அது அணைக்க விடாது. ஸ்டெபிலைஸ் முறைக்கு மாற்றினால் ட்ராட்டில், அதாவது மோட்டாரின் வேகம், நம் பொறுப்பு, பழியும் நம்முடையது, அப்போது கேட்கும்.

சரி, இறங்கியது அதற்கு ஏன் தெரியவில்லை? கண் இல்லை, கால் உண்டே தவிர காலில் உணர்ச்சி இல்லை. சாட்சிகளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மோட்டார்கள் தம் கீழ்வரம்புக்கு வந்துவிட்டனவா? ஏற்ற இறக்க வேகம் அடங்கிவிட்டதா? முடுக்கமானி குலுக்கல் இல்லை என்கிறதா? எல்லோரும் ஒரே குரலில் 'ஆமாம்' என்று தொடர்ந்து 1 விநாடி சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் இருமினாலும் கணக்கு முதலிலிருந்து.

இதைப் பெரியப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தேன். அவர் முந்திக்கொண்டார். "வாழ்நாள் சான்றிதழ் மாதிரின்னு சொல்லு." போக்குவரத்துக் கழகத்தில் 33 வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயிரோடு இருப்பதற்கு வருடா வருடம் காகிதம் கொடுப்பவர். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து செருமினாலும் போதாது, தாள் வேண்டும். ட்ரோன் மேல் அவருக்கு முதல் முறையாக ஒரு மரியாதை வந்தது அன்றுதான். அதுவரை, வியாபாரத்துக்கு இல்லாமல் பறக்கவிட்டால் இந்த எடைக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம் என்று 2021 ட்ரோன் விதிகள் சொல்வதையே அவரால் மன்னிக்க முடியவில்லை. "1,400 கிராம் வண்டி, லைசென்ஸ் வேண்டாமாம். நான் புதுப்பிச்சுப் புதுப்பிச்சே அலுத்தேன்."

இரண்டு நாள் விசாரணை நடந்தது, விசிறிகளைக் கழற்றி வைத்துவிட்டு. முதல் சந்தேகம் ரிமோட் மேல். ஸ்டிக்கை அடிவரை இழுத்தால் சிக்னல் ஏறக்குறைய 1000 மைக்ரோவிநாடிக்கு வர வேண்டும். அளவு சரியாகப் பதியாவிட்டால், நாம் அடியில் இருக்கிறோம், அது மேலே எங்கோ இருக்கிறது. எங்கள் ரிமோட் நிரபராதி.

அடுத்து காற்றழுத்தமானி. உயரத்தை அது காற்றைப் பிடித்துத்தான் சொல்கிறது. 1 மீட்டர் ஏறினால் அழுத்தம் குறைவது சுமார் 12 பாஸ்கல். ஒரு லட்சத்துச் சொச்சத்தில் 12! அந்த நுணுக்கத்தின் மேல் நான்கு விசிறியும் தரையில் மோதித் திரும்பும் காற்றை ஊதினால் அது பாவம் என்ன செய்யும்? பூமிக்குள்ளே அரை மீட்டர் போய்விட்டதாகக்கூடச் சத்தியம் செய்யும். அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டுவது வழக்கம். காற்றும் படாது, வெயிலும் படாது. ஒட்டியிருந்தது.

விசிறி ஒன்றில் விளிம்பு உடைந்திருந்தது. அதுதான் ஆள் என்று கொண்டாடி, மாற்றிவிட்டுப் பறக்கவிட்டோம். இறங்கியது. துள்ளியது.

அப்போதுதான் அக்கா மகன் குனிந்து கால்களைப் பார்த்தான். "மாமா, இது என்ன?"

அது என் கண்டுபிடிப்பு. முந்தைய வாரம் இறங்கும்போது ஒரு கால் முறிந்ததால், பழைய மொபெட் சீட்டைக் கிழித்து, அந்த ஸ்பாஞ்சை நான்கு காலிலும் தடிமனாகக் கட்டியிருந்தேன். மெத்தை மாதிரி இறங்கட்டும் என்று. இறங்கியதும் ஸ்பாஞ்சு அமுங்கி எழும்பும். களமோ மழைத்தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் போட்டது, சாய்ந்து நிற்கும். சாய்ந்த உடம்பை நிமிர்த்த மோட்டார் ஒரு பக்கம் தம் கட்டும். ஸ்பாஞ்சு மறுபடி எழும்பும். சாட்சிகளில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். அதை இரும வைத்தவன் நான்.

"மென்மையா இருக்கட்டும்னுதானேடா கட்டினேன்."

"கல்யாண மெத்தையில எறக்கினா அது எப்படி மாமா தரைன்னு நம்பும்?"

ஸ்பாஞ்சை அறுத்தெறிந்து, பி.வி.சி. குழாயில் விறைப்பாகக் கால் போட்டோம். வாட்டம் இல்லாத மூலையில், ஒரு பழைய பிளைவுட் பலகையை இறங்குதளமாக வைத்தோம். அவசரத்துக்கு என்று ஒரு சுவிட்சையும் ஒதுக்கினான் அவன். தட்டினால் கேள்வி கேட்காமல் மோட்டார் நிற்கும். "தரையில இருக்கும்போது மட்டும், மாமா" என்று மூன்று முறை சொன்னான். அந்த சுவிட்சில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தது அக்கா.

மாலை, நெல்லை மூட்டை கட்டிய பிறகு, பறக்கவிட்டேன். ஒரு சுற்று. பலகை மேல் டக்கென்று இறங்கியது, அழகில்லாத இறக்கம். மூலைக்கு இழுத்தேன். சத்தம் நின்றது. கோழி கொக்கரிப்பது கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுகூடக் கேட்டது. அக்கா மகன் போய் பேட்டரியைக் கழற்றி, பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்துவிட்டான்.

கட்டிலிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "டேய், அது நின்னு எந்நேரமாச்சு. இன்னும் எதுக்கு அந்தக் குச்சியை இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?"