இங்கு துரு வைத்துத் தரப்படும்

எங்கள் ராஜபாளையத்தில் எந்தப் பொருளை வாங்கினாலும் அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவது கிட்டத்தட்ட அபசகுனம். சோபா, டிவி ரிமோட், பைக் சீட் எல்லாம் உறையோடு வந்து, உறையோடு வாழ்ந்து, உறையோடுதான் போய்ச் சேரும். கார் சீட்டுக்கு உறை, உறைக்கு மேலே ஒரு துண்டு. பழசைப் புதுசாகக் காட்டுவதற்கென்றே டிங்கரிங் கடை, பாலிஷ் கடை, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் என்று பல குடும்பங்கள் பிழைக்கிற ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு, காசு கொடுத்து வாங்கிய புத்தம்புது அம்பாசிடருக்குத் துருப் பிடிக்க வைக்கப் பாடுபடுகிறவனை வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

அம்பாசிடர் என்றதும் வசதியான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பின்னால் இழுத்து விட்டால் முன்னால் பாய்கிற பிளாஸ்டிக் கார்தான். நிஜ அம்பாசிடர் நீளம் சுமார் 4.3 மீட்டர், என்னுடையது 12 சென்டிமீட்டர். 36இல் ஒரு பங்கு. இப்படிக் கடைக் காரை வாங்கி, ஸ்குரூ கழற்றி, பாயும் மோட்டாரைப் பிடுங்கி எறிந்து, முன் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து, நிஜ வண்டியாக உருமாற்றுவது உலகம் முழுக்க உள்ள பைத்தியம். அதில் முற்றிய நிலைக்கு ‘வெதரிங்’ என்று பெயர். வெயிலும் மழையும் இருபது வருஷம் மெனக்கெட்டுச் செய்வதை மேஜை மேல் நாமே செய்துவிடுவது. 1970களில் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெய்ன், மோனோகிராம் நிறுவனத்தின் மாடல் பெட்டிகளுக்குள் வைத்த துண்டுத்தாள்களில் இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்தார். அவர் பீரங்கி வண்டிக்குச் சேறு பூசினார். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்ஸிக்குப் பூச வேண்டும்.

ஏனென்றால் என் பெரியப்பா அங்கே அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். மதுரை ஆஸ்பத்திரி, குற்றால சீசன், பெண் பார்க்கும் படலம் என்று அந்த வட்டாரத்தின் சுகதுக்கமெல்லாம் அவர் வண்டியில்தான் போய்வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் தொடங்கிய வண்டி அது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. 2017இல் பெஜோ நிறுவனம் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது என்று படித்துக் காட்டினேன். பெரியப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “வெறும் பேருக்கு எம்பது கோடியா? நான் முழு வண்டியையே இரும்பு விலைக்குல்லப்பா போட்டேன்!” என்றார். அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

துரு எப்படியிருக்கும் என்று பார்த்து வர டிங்கரிங் கடைக்குப் போனேன். பெயின்டர் அண்ணன் வாட்டர் பேப்பரால் ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை நிறுத்தினார். “துருவை எடுக்கத்தான் சார் நம்மகிட்ட வருவாங்க. வைக்கச் சொல்லி யாரும் வந்ததில்ல” என்றார். பிறகு என் காரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெயின்ட் நல்லாத்தானே சார் இருக்கு?” என்று கேட்டார். அந்தக் குரலில் ஒரு டாக்டரின் கவலை இருந்தது.

அடுத்தது ஹேர் ஸ்ப்ரே. முதலில் கார் முழுக்கத் துரு நிறம் அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் மேலே ஹேர் ஸ்ப்ரே. அதற்கும் மேலே வண்டியின் நிறம், என் விஷயத்தில் க்ரீம். கொஞ்ச நேரம் கழித்து ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் தண்ணீர் ஊடுருவி நடுவிலிருக்கும் ஸ்ப்ரேயைக் கரைக்கும். மேல் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து அடியிலிருக்கும் துரு எட்டிப் பார்க்கும். மேல் பூச்சு தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்காக இருக்க வேண்டும். எனாமல் அடித்தால் தண்ணீர் உள்ளேயே போகாது. தத்துவம் எளிது. ஆனால் என் தலையை வைத்துக்கொண்டு ஃபேன்ஸி ஸ்டோரில் ஹேர் ஸ்ப்ரே கேட்பது எளிதல்ல. கடைப் பெண் என் வழுக்கையையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “யாருக்குங்க சார்?” என்றாள். “காருக்கு” என்றேன். இரண்டாவது கேள்வி வரவில்லை.

உப்பு வைத்தும் செய்யலாம். துரு நிறத்தை நனைத்து, உப்பைத் தூவி, காயவிட்டு, மேலே பெயின்ட் அடித்து, பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அந்த இடங்களில் மட்டும் துரு தெரியும். “சாப்பாட்டுல உப்பு கம்மின்னு தினமும் சொல்லுவீங்களே, எங்க போகுதுன்னு இப்பத்தான் தெரியுது” என்றாள் மனைவி.

இந்த இடத்தில் கணக்கு குறுக்கே வரும். தூள் உப்பின் ஒரு மணி அரை மில்லிமீட்டர் என்று வைத்தாலும் நிஜ வண்டியில் அது கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். கல்லுப்பு போட்டால் டாக்ஸி ஏதோ கலவரத்தில் சிக்கி மீண்டதாகத் தெரியும். புழுதிக்கும் அதே நியாயம்தான். கரிசல் மண்ணை அப்படியே தூவினால் வண்டி மேல் ஜல்லி கொட்டியிருக்கும். சலிக்க வேண்டும். மாவுச் சல்லடையைத் தொட எனக்கு அனுமதியில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்து ஊர் ஊராக அனுப்புகிற பேண்டேஜ் துணி வீட்டில் இருந்தது. அதை நாலாக மடித்துச் சலித்தேன். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, “காருக்கு என்ன, அடிபட்டுருச்சா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் பெரிய மாடல்காரர்கள் கடல் கடந்து வரவழைக்கும் பிக்மென்ட் பவுடருக்குச் சமமான ஒன்று பூஜை அலமாரியிலேயே கிடைத்தது. திருநீற்றின் நயம் எந்த மண்ணுக்கும் வராது. கொஞ்சம் செம்மண் கலந்து டயர் ஓரங்களில் தடவினால் திருமங்கலத்திலிருந்து இப்போதுதான் வந்து நின்ற வண்டி.

அதே மாமா இன்னொரு நாள், “பேரன் லீவுக்கு வர்றானோ?” என்றார். எனக்குத்தான் என்று சொல்லக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. தெம்பைச் சங்க இலக்கியம் கொடுத்தது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை இல்லாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவமே சிறுதேர்ப் பருவம். திருச்செந்தூர் முருகனையே தேர் உருட்டச் சொல்லிப் புலவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். உருட்டியது பிள்ளைகள் என்றாலும் அந்தச் சிறுதேரைச் செய்தது நரைத்த தச்சர்கள்தானே? இதை மாமாவிடம் விளக்கினேன். அதன்பிறகு அவர் எட்டிப் பார்ப்பதில்லை.

வேலை முடிந்த தெம்பில் காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனதை, பால்கோவா வாங்கப் போகிறவன் டப்பாவோடு போவதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பானெட் நடுவுல ஏம்ப்பா துரு? அங்க தண்ணி நிக்காதே, வழிஞ்சிருமே.”

அதிலிருந்து ஒரு பாடம் ஆரம்பித்தது. துரு என்பது தண்ணீர் தங்கும் இடத்தின் விலாசம். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வெளியேறும் துளைகள் புழுதியால் அடைத்துக்கொள்ளும்; முதலில் அரிப்பது அங்கேதான். அடுத்து, டிக்கியில் ஸ்டெப்னி படுத்திருக்கும் பள்ளம். கண்ணாடி ரப்பர் பீடிங்கின் கீழ் மூலை. கூரை ஓரத்து வாய்க்காலில் கேரியரின் கால்கள் கவ்வும் இடம். கூரையில் துரு இருக்காது, வெயிலில் செத்துப்போன பெயின்ட்தான் இருக்கும். பானெட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் இருக்கும். குங்குமம் மழையில் ஒழுகிச் சிவப்புக் கோடாக இறங்கும், துரு என்று அதைத்தான் பலரும் நினைப்பார்கள். இடது பக்கக் கதவுகளில் கைப்பிடியைச் சுற்றிக் கீறல்: வளையல் போட்ட கைகள். வலது முன் கதவின் ஜன்னல் விளிம்பில் மட்டும் பெயின்ட் வழவழவென்று தேய்ந்து தகரம் தெரியும்.

“அது எதனால பெரியப்பா?”

அவர் வலது முழங்கையைத் தூக்கிக் காட்டினார். தோல் அங்கே கறுத்துத் தடித்திருந்தது. வண்டி ஓட்டிய காலம் முழுக்க அந்த விளிம்பில் கை வைத்திருக்கிறார்.

வெளிநாட்டு மாடல்காரர்கள் மேல் எனக்குள்ள குறை இதுதான். துரு பூசுவதில் அவர்கள் கை தேர்ந்தது. ஆனால் எல்லா வண்டியும் ஒரே பழைய இரும்புக் கடையில் வளர்ந்ததாகத் தெரியும். யார் ஓட்டினார், என்ன ஏற்றினார் என்பது தெரியாது. க்ரீம் பூச்சை முழுக்க எடுத்துவிட்டுப் பெரியப்பா சொன்னபடி மறுபடி அடித்தேன். ஒரு வீல் கப்பைக் கழற்றி எறிந்தேன். இரண்டு பக்கமும் முழு கப்போடு ஓடிய டாக்ஸியை அவர் பார்த்ததே இல்லையாம்.

பக்கத்தில் நிறுத்த ஒரு ராஜபாளையம் நாயும் செய்தேன். 2005இல் தபால் தலையிலேயே இடம்பிடித்த எங்கள் ஊர்ப் பிரமுகர். இந்த அளவில் 2 சென்டிமீட்டர் உயரம், வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. பின் டயர் பக்கம் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது. அந்த டயரில் உள்ள கறை என் வெதரிங்கிலேயே ஆகச் சிறந்தது என்பது பெரியப்பாவின் தீர்ப்பு.

பின்னணியில் ஆண்டாள் கோயில் கோபுரத்தையும் வைக்கச் சொன்னாள் மனைவி. அரசு முத்திரையைப் பார்த்தாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நினைவு வரும் கோபுரம். பதினோரு நிலை, 192 அடி என்பார்கள். 36ஆல் வகுத்தேன். 5 அடி 4 அங்குலம். சரியாக அவள் உயரம். “அப்ப நீயே பின்னால நின்னுக்கோ” என்றேன். பதில் இங்கே அச்சிடத் தக்கதல்ல.

கடைசியாக ஒரு விண்ணப்பம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டோரம் பழைய அம்பாசிடரை நிறுத்தி வைத்திருக்கும் அன்பர்களே, அதைத் தயவுசெய்து கழுவாதீர்கள், பட்டி பார்க்கக் கொடுக்காதீர்கள், இரும்பு விலைக்குப் போடுவதானால் ஒரு வாரம் பொறுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலும் கேமராவுமாக வருகிறேன். வலது முன் கதவை மட்டுமாவது யாரும் தொட வேண்டாம்.