தண்ணி காட்டும் கேள்விகள்

மலையில் எங்கள் வீட்டில் பருப்பு வேக நேரமாகிறது. கச்சிராயபாளையம் அத்தை வீட்டில் சீக்கிரம் வெந்துவிடுகிறது. அத்தை அவ்வளவு கெட்டிக்காரரா?
(மாணவி, வெள்ளிமலை)

கெட்டிக்காரர்தான்; அதை அவர் காதில் விழும்படியே சொல்லிவிடு. ஆனால் பருப்பு வெந்ததில் பாதிப் பெருமை காற்றுக்குப் போகவேண்டும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கிவிடும். கல்வராயன் மலையில் பல ஊர்கள் 600 மீட்டருக்கும் மேலே இருக்கின்றன. அங்கே 98 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அதன்பிறகு அடுப்பில் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் சூடு ஏறாது. தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும். குக்கர் அந்த ஆவியை உள்ளேயே அடைத்து, அழுத்தத்தைக் கூட்டி, சூட்டை 120 டிகிரி அளவுக்கு ஏற்றிவிடும். ஆனால் ஒன்று: மலையால் ஆகும் தாமதம் கொஞ்சம்தான். ரொம்பவே நேரமாகிறது என்றால், கடைக்காரர் பழைய பருப்பைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

மேகம் அருவி வெள்ளையாகக் கொட்டுகிறது. பாட்டிலில் பிடித்தால் நிறமே இல்லையே?
(மாணவன், சங்கராபுரம்)

விழுகிற வேகத்தில் தண்ணீர் துளித்துளியாக உடைந்து, காற்றையும் குமிழிகளாக வாரிக்கொள்கிறது. அவற்றில் பட்ட வெளிச்சம் எல்லா நிறத்திலும் சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளை. பாட்டிலுக்குள் குமிழி அடங்கிவிடும்.

தண்ணீருக்குச் சுவை இல்லை என்கிறது பாடப்புத்தகம். எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. யார் சொல்வது சரி?
(மாணவன், சின்னசேலம்)

இரண்டும் சரி. புத்தகம் சொல்வது சுத்தமான தண்ணீரை. உன் வீட்டுக்கு வருவதோ பாறை இடுக்கெல்லாம் புகுந்து வந்தது. தண்ணீருக்குக் கை கொஞ்சம் நீளம். போகிற வழியில் கரைகிற உப்பையெல்லாம் எடுத்துக்கொள்ளும். கால்சியம், மக்னீசியம் அதிகமானால் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

கோமுகி அணையில் திறந்துவிடும் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது?
(மாணவி, கள்ளக்குறிச்சி)

பெரும்பகுதி வயலுக்கு. மிஞ்சியது வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டை அருகே வங்கக்கடலில் கலக்கிறது. கடல்நீர் ஆவியாகும்போது உப்பு கீழேயே தங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை அந்த ஆவியை நல்ல தண்ணீராக்கி நம் மலைக்கே திருப்பிக் கொண்டுவரும். டிக்கெட் வாங்காமல் ரிட்டர்ன் பயணம்!

மண்பானைத் தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்கிறது?
(மாணவி, தியாகதுருகம்)

பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் பிடுங்கிக்கொண்டு போகிறது. கரண்ட் பில் வராத ஃப்ரிட்ஜ்.

கணக்குப் பாடம் ஆரம்பித்தாலே எனக்குத் தாகம் எடுக்கிறது. ஏன்?
(மாணவன், உளுந்தூர்பேட்டை)

உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். வியர்வையிலும் சிறுநீரிலும் மூச்சிலும் அது போய்க்கொண்டே இருக்கிறது. குறைந்தால் தலை வலிக்கும், கவனம் சிதறும். ஆகவே ஆசிரியர்களே, தாகம் என்று கேட்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள். தம்பி, நீ இனிமேல் கணக்கு வாத்தியார் வருவதற்கு முன்பே குடித்துவிடு.