விருந்தாளி எந்த நாளில் வீட்டு ஆள் ஆகிறார்: ஓர் ஆய்வு

வீட்டுக்கு வந்தவர் விருந்தாளி என்ற நிலையிலிருந்து வீட்டு ஆள் என்ற நிலைக்கு எப்போது மாறுகிறார் என்பதைச் சட்டம் வகுப்பவர்கள் காலண்டரை வைத்தே தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஊருக்கு ஒரு விடை கிடைக்கிறது. நியூயார்க்கில் தொடர்ந்து 30 நாளாவது இருந்தால்தான் நிரந்தரக் குடியிருப்பு. லண்டனில் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 90 இரவு வரை தனி அனுமதி இல்லாமல் குறுகிய கால வாடகைக்கு விடலாம். 91ஆம் இரவுக்கு அனுமதி வேண்டும். 2018இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானியச் சட்டம் 180 நாள் வரை பொறுத்துக்கொள்கிறது. நம் ஜிஎஸ்டி கவுன்சில் 2024 ஜூனில் எடுத்த முடிவின்படி, விடுதியில் ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் கொடுத்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை. நம் முன்னோர் எல்லோரையும்விடக் கறார்: விருந்தும் மருந்தும் மூன்று நாள்.

விடைகள் இத்தனை விதமாக வந்தால், அளக்க வேண்டியது நாளையே அல்ல என்று கொள்வதுதான் முறை. 1867ஆம் ஆண்டின் சராய் சட்டம், திருடன் ஏறி இறங்கத் தோதான மரக்கிளைகளைச் சத்திரக்காரர் வெட்டிவிட வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு நுணுக்கமானது. அதுகூடப் பயணியின் நாட்களை எண்ணவில்லை. விஷயத்தின் மையத்தைத் தொட்டது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்புதான். அதில் ஏ-1 பிரிவு தங்கும் விடுதிகளுக்கானது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ தனித்தனியாகப் படுக்க இடம் உண்டு. சாப்பாட்டு வசதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் தங்குபவர் தாமே சமைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. ஆக, எல்லைக்கோடு அடுப்படியில் ஓடுகிறது.

இதிலிருந்து பெறப்படும் இலக்கணம் இதுதான். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர், குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் யாரும் சொல்லாமலே எழுந்து போய் அடுப்பை அணைத்தால், அந்த நொடியிலிருந்து அவர் வீட்டு ஆள். ஊரிலிருந்து வரும் சித்தி அரை மணி நேரத்தில் இந்தத் தகுதியைப் பெற்றுவிடுவார். ஆடிக்கு வந்த மாப்பிள்ளை தீபாவளி வரை இருந்தாலும் பெறமாட்டார். சமையலுக்கு வரும் அம்மாவும் அடுப்பை அணைக்கிறாரே என்றால், அவர் அங்கே தூங்குவதில்லை; படுக்கை இல்லாத இடத்தில் தங்கல் என்ற பேச்சே எழாது.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பல வீடுகளில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது, அவரும் விருந்தாளிதானா? தயங்காமல் ஆம் என்போம். பத்திரம் உரிமையைக் காட்டும், இருப்பின் தன்மையைக் காட்டாது. அவருக்குப் படுக்கை உண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, சமைக்கும் வசதி அவரைப் பொறுத்தவரை இல்லை. ஏ-1 அச்சு அசலாகப் பொருந்துகிறது. நாற்பது ஆண்டு தங்கியும் இவர் நிலை மாறாததைப் பார்த்தால், ‘நிரந்தரமாகவோ’ என்ற சொல்லை விதி வகுத்தவர்கள் இவரை மனதில் வைத்தே சேர்த்திருக்க வேண்டும்.

90 நாள் எப்போதோ கடந்துவிட்டதால் ஜிஎஸ்டி விலக்குக்கு இவர் தகுதியானவர். மாதம் 20,000 ரூபாய்க்குள் கொடுக்கிறாரா, அதற்கு மேலா என்பதை அந்தந்த வீட்டு நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.