கேட்வே தராத வள்ளல்கள்

மெய்நிகர் சர்வரை மாத வாடகைக்கு விடும் நிறுவனங்களை நம்மவர்கள் குறைசொல்லியே பழகிவிட்டார்கள். ராஜபாளையத்தில் உட்கார்ந்து சிறு கடைகளுக்கும் தறிக்காரர்களுக்கும் சர்வர் அமைத்துக் கொடுக்கிறவன் என்ற முறையில், நான் அவர்களைப் புகழக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பணம் கட்டிய கொஞ்ச நேரத்தில் சர்வர் தயார் என்று மெயில் வந்துவிடுகிறது. ரேம், டிஸ்க், பிராசசர் எல்லாம் கட்டம் கட்டி இருக்கும். ஐபி முகவரி பெரிய எழுத்தில் இருக்கும். அந்த முகவரியிலிருந்து வெளியுலகத்துக்குப் போகும் வாசல், அதாவது கேட்வே, அது மட்டும் இருக்காது. எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிட்டால் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நெட்வொர்க் படிப்பது எப்போது? அந்தக் கல்விக்குத் தனிக் கட்டணம் எதுவும் அவர்கள் வாங்குவதில்லை.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒருவருக்குக் கணக்கும் சரக்கிருப்பும் ஏற்ற ஒரு சர்வர் எடுத்தோம். அமைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் முடித்தவள். வாடிக்கையாளர் கணக்கு உள்ளே இருக்கப்போவதால் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். சரியான பிடிவாதம். அதனால் நிறுவனம் தரும் ரெடிமேட் இமேஜை விட்டுவிட்டு, டெபியன் ஐஎஸ்ஓவை மாட்டி, பிரவுசரில் திறக்கும் கன்சோல் வழியாக நிறுவத் தொடங்கினாள்.

டெபியன் நிறுவி தமிழிலும் பேசும், படமுகப்பில் ஏற்றினால். அதை மொழிபெயர்த்த தன்னார்வலர்களுக்கு நான் சொல்லும் நன்றியில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை.

நிறுவி, முகவரியைத் தானாகப் பெறும் டிஎச்சிபி மூலம் முகவரி கேட்டது. நீலப்பட்டை நகர்ந்து நகர்ந்து முடிந்தது. பதில் வரவில்லை. உங்கள் வலையமைப்பு டிஎச்சிபியைப் பயன்படுத்தாமல் இருக்கலாம், அல்லது அந்த சர்வர் மெதுவாக இருக்கலாம், அல்லது வன்பொருளில் கோளாறு இருக்கலாம் என்று செய்தி வந்தது. யார்மீதும் பழி போடாத இந்தப் பெருந்தன்மை எந்த நீதிபதிக்கும் வராது. டிஎச்சிபி 1993 முதல் இருக்கும் நெறிமுறை. அதை நடத்தாமல் விட்ட நிறுவனத்தின் சிக்கனத்தை என்னவென்று மெச்சுவது!

கையால் நிரப்பினாள். ஐபி சரி. நெட்மாஸ்க் 255.255.255.255 என்று நிறுவனத்தின் பேனலில் இருந்தது. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஐபி இருக்கு, மாஸ்க் இருக்கு. கேட்வே எங்க போட்டிருக்காங்க?"

"எங்கயும் போடலம்மா. கேட்டுத்தான் வாங்கணும்."

வழக்கம்போல ஐபியின் கடைசி எண்ணை மட்டும் 1 ஆக்கிப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கேட்வேயை எட்ட முடியாது என்று நிறுவி திருப்பியனுப்பியது. எட்ட முடியாததுதான். அந்த மாஸ்க்குக்கு அர்த்தம், இந்த வலையில் நீ ஒருத்தி மட்டுமே என்பது. தன்னைத் தவிர யாரும் இல்லாத வலையில் கேட்வே எங்கிருந்து வரும்? அது வேறு எண்வரிசையில் இருக்கும்.

இப்படி வைப்பதற்குக் காரணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஐபிவி4 முகவரி பிரித்துத் தரும் ஏப்னிக், 2011 ஏப்ரலில் தன் கடைசிப் பெருந்தொகுதிக்கு வந்துவிட்டது. சிறு சிறு வலையாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சில முகவரிகள் வீணாகும். ஆகவே ஆளுக்கு ஒரே முகவரி, கேட்வே வெளியே. நியாயமான ஏற்பாடு. அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் காத்த ரகசியம்தான் போற்றுதலுக்குரியது.

உதவிப் பக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஔவை பார்த்த தொண்டைமானின் படைக்கொட்டில்போல, பயன்பட்ட தடமே இல்லாத பளபளப்பு. நெட்வொர்க் அட்டையின் பெயர் அங்கே இன்னும் ஈத்0. சிஸ்டம்டி 2013இலேயே பெயரிடும் முறையை மாற்றிவிட்டது. எங்கள் சர்வரில் அது என்ஸ்3. ஐஃப்கான்ஃபிக் கட்டளையைத் தட்டச் சொல்கிறார்கள். புதிய டெபியனில் கேட்டு நிறுவினால்தான் அது வரும். பழைமையைப் பேணுவதில் இவர்களுக்கு இணையில்லை.

டிக்கெட் போட்டோம். கேள்வி கிடைத்தது என்ற பதில் உடனே வந்தது. அந்த வேகத்தை மனமாரப் பாராட்டுகிறேன். அதற்கடுத்த பதில், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, மீண்டும் நிறுவிப் பாருங்கள் என்றது. தன் பக்கம் சரி என்ற இந்த நிம்மதி எல்லோருக்கும் வாய்க்காது.

அவர்கள் சொன்னபடியே மீண்டும் நிறுவினோம், ஆனால் அவர்களுடைய ரெடிமேட் இமேஜை. உள்ளே போய் ரூட் பட்டியலைப் பார்த்தால், முதல் வரியிலேயே கேட்வே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில், நேரே எட்டலாம் என்று சொல்லும் ஆன்லிங்க் என்ற குறிப்பும். இமேஜ் தயாரித்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பேனல் எழுதியவருக்கும், டிக்கெட்டுக்குப் பதில் போட்டவருக்கும் அவர் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் இவ்வளவு அடக்கம்.

எண்ணைக் குறித்துக்கொண்டு டெபியனை மறுபடி ஏற்றினாள். நெட்வொர்க் திரை வந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி இரண்டாவது கன்சோலுக்குப் போனாள். என்ஸ்3ஐ எழுப்பி, ஐபியைக் கொடுத்தாள். கேட்வேக்குப் போக இந்த அட்டையே நேர்வழி என்று ஒரு ரூட். மற்ற எல்லாவற்றுக்கும் அந்தக் கேட்வே வழி என்று இன்னொரு ரூட். இந்த வரிசை மாறினால் இரண்டாவது ஏறாது. 1.1.1.1க்கு பிங் போனது. பெயரைத் தட்டினால் போகவில்லை. ரிசால்வ் கோப்பில் டிஎன்எஸ் முகவரி எழுதியதும் அதுவும் போனது. நிறுவல் முடிந்து ரீபூட் ஆனால் கையால் போட்டது எல்லாம் மறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே புதிய அமைப்பின் இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் அந்த இரண்டு ரூட்டையும் எழுதி வைத்தாள். உபுண்டு என்றால் இதையே நெட்பிளான் கோப்பில் ஆன்லிங்க் ட்ரூ என்று எழுத வேண்டும். ரெடிமேட் இமேஜிலேயே இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கிளவுட்-இனிட் தன் பிணைய அமைப்பைத் திரும்ப எழுதும்போது நாம் திருத்தியதை அழித்துவிடும். முதலாளி சொல்லை மறக்காத அந்த விசுவாசத்தை முதலில் அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அந்தப் பெண் ஒரு பொழுதை இதற்குக் கொடுத்தாள். தறிக்காரர் அதுவரை நோட்டில் கணக்கு எழுதினார். பெரிய நகரத்தில், பக்கத்து மேசையில் கேட்க ஆள் இருக்கும் இடத்தில், இது ஒரு நிமிடக் கேள்வி. இங்கே ஆளில்லாதவர்கள் சர்வரையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், கிடைக்காமல் போனது ஒரு வரி என்று தெரியாமலே.

ஒரு புகழ்ச்சி பாக்கி இருக்கிறது. மாதக் கடைசியில் வரும் பில். பெயர், முகவரி, வரி எண், தொகை, கடைசித் தேதி, பணம் கட்டும் வழி, தவறினால் என்ன ஆகும் என்பது எல்லாமே ஒரே பக்கத்தில், ஒன்று விடாமல் இருக்கும். அந்தப் பக்கத்தை எழுதியவர் கைதேர்ந்தவர். ஐபி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், டிஎச்சிபி உண்டா இல்லையா என்ற பக்கத்தையும் அவரிடமே கொடுங்கள், ஐயா.